மின்னியைச் சுமக்க ஒரு துணி

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பெண்கள் மட்டுமே இருக்கும் ஒரு மடம். அதற்குத் தலைவி நாச்சியாரம்மை. வயது நாற்பதுதான் இருக்கும். அவளைவிட எவ்வளவோ மூத்தவள் சிஷ்யை செண்பகவல்லி. சின்னவளை வாய் நிறைய ‘அம்மா’ என்று கூப்பிடவும் அவள் பழகிக்கொண்டாள். வளையலைத் துறந்தாள், மாடி வீட்டைத் துறந்தாள், காலைக் காப்பியைக்கூடத் துறந்தாள். மரகதத்தை மட்டும் அவளால் சகிக்க முடியவில்லை.

மரகதமும் அங்கே ஒரு சிஷ்யைதான். அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. மடத்துப் பள்ளியில் பாடம் நடத்தும் தேன்மொழியின் ஆறு மாதக் குழந்தை மின்னி, மரகதம் தூக்கினால் தூங்கிவிடும். செண்பகவல்லி தூக்கினால் ஊரைக் கூட்டும்.

பழைய சுங்குடிப் புடவை ஒன்றை நெஞ்சோடு சுற்றிக் கட்டி, அதற்குள் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு மரகதம் கீரை ஆய்வாள், முற்றம் பெருக்குவாள், ஜபம்கூடப் பண்ணுவாள். பார்க்கப் பார்க்க செண்பகவல்லிக்கு அடிவயிறு எரியும். கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் கடவுள் வருவதில்லை. அந்தச் சுங்குடிப் புடவைதான் வரும்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. தேன்மொழி வகுப்பில் இருக்கும் நேரமெல்லாம் மின்னியை யாராவது ஒருத்தி சுமக்க வேண்டும். அது யார் என்று நாச்சியாரம்மை இன்னும் சொல்லவில்லை.

செண்பகவல்லி கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி மகளுக்கு போன் போட்டாள். பார்சல் வந்தது. தடித்த இடுப்புப் பட்டை, பஞ்சு வைத்த தோள்பட்டை, பக்கிள், இரட்டைத் தையல் என்று சகல லட்சணமும் பொருந்திய குழந்தை தூக்கும் பை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பூசணிக்காயை அதில் வைத்து நடந்து பார்த்தாள். பூசணிக்காய் அழவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு அம்மையின் முன்னால் போய் நின்றாள். அம்மை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, குழந்தையைச் சுமக்க எந்தத் துணி நல்லது?”

“எதெல்லாம் இருக்கு?”

“ஒண்ணு, இதோ புதுசு. இன்னொண்ணு அந்த மரகதம் வெச்சிருக்கிற கந்தல்.”

“கந்தல்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க?”

“உங்க வாயால வரட்டுமேன்னுதான்.”

அம்மை முறத்தைக் கீழே வைத்தாள். “மரகதத்தை வரச் சொல்லுங்க. புடவையும் குழந்தையும் வரட்டும்.”

மரகதம் வந்தாள். அம்மை புடவையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தினமும் முடிச்சு விழுந்த இடத்தில் இழை தேய்ந்து, துணி சல்லடை போலத் தெரிந்தது. அந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்தாள்.

டர்ரென்று கிழிந்தது.

மரகதத்தின் முகம் வெளுத்துவிட்டது. “நேத்துகூட இதுலதானேம்மா வெச்சிருந்தேன்…”

செண்பகவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. “நான் அப்பவே சொன்னேன்” என்றாள். எப்பவும் சொன்னதில்லை.

அம்மை பையை எடுத்தாள். உள்பக்கம் திருப்பித் தையலை நெருடிப் பார்த்தாள். பக்கிளைப் பூட்டிப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். துணியை வாயருகில் வைத்து ஊதினாள்.

“காத்து போகுது. தையல் கெட்டி. பூட்டு கழலலை. நல்ல சாமான்தான்.”

“அப்ப திங்கட்கிழமை…”

“கட்டுங்க, பார்ப்போம்.”

செண்பகவல்லி மளமளவென்று கட்டினாள். மின்னியின் முகம் வெளியே பார்க்கிற மாதிரி உட்காரவைத்தாள். அதோடு விட்டாளா? மரகதத்துக்கு நன்றாகத் தெரியும்படி அரைவட்டம் திரும்பியும் நின்றாள். பட்டை தளர்ந்து குழந்தை அவள் தொப்பைவரைக்கும் இறங்கியிருந்தது. இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின.

மின்னி வீறிட்டாள்.

செண்பகவல்லி ஆட்டினாள், குலுக்கினாள், ‘ஜோ ஜோ’ என்றாள். கண் மட்டும் மரகதத்தின் மேலேயே இருந்தது. சிரிக்கிறாளோ? மரகதம் சிரிக்கவில்லை. அவள் கை இரண்டும் குழந்தையை வாங்கத் தானாக நீண்டிருந்தன. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது செண்பகவல்லிக்கு.

அழுது ஓய்ந்து குழந்தை அடங்கியது. தலை முன்னால் சரிந்தது.

“பாருங்க, என்கிட்டயும் தூங்கறா!”

“ஐயோ அக்கா, கழுத்து!” என்று மரகதம் பதறினாள்.

அதற்குள் அம்மை மின்னியின் தாடைக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து நிமிர்த்தியிருந்தாள். “தாடை நெஞ்சுல முட்டினா மூச்சு எந்த வழியா போகும்?”

செண்பகவல்லி அவசரமாகக் குழந்தையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

“முகத்தை ஏன் வெளியே வெச்சீங்க?”

“நாலு பேரைப் பார்க்கட்டுமேன்னு…”

“நாலு பேரா?”

அறையில் அம்மையைத் தவிர இன்னொருத்திதான் இருந்தாள்.

அம்மை பூட்டைக் கழற்றினாள். குழந்தையை நெஞ்சுப் பக்கமாகத் திருப்பினாள். இரண்டு முழங்காலும் பிட்டத்துக்கு மேலே நிற்கும்படி, தவளை உட்கார்வதுபோல மடக்கிவைத்தாள். ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை துணி தாங்குகிறதா என்று தடவிப் பார்த்தாள். இடுப்புப் பட்டையை மேலே ஏற்றித் தோள்பட்டையை இறுக்கினாள்.

“குனிங்க.”

“எதுக்கும்மா?”

“குனிங்களேன்.”

குனிந்தாள். உதடு மின்னியின் உச்சியில் பட்டது.

“அதுதான் உயரம். மூக்கு துணியில முட்டுதா?”

“இல்லை. முகம் முழுசாத் தெரியுது.”

உச்சியில் புளித்த பாலும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசனை. மின்னி ஒரு பெருமூச்சு விட்டு, அவளுடைய காவிப் புடவையின் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். சின்ன மூச்சு ஒன்று போய் வருவது கழுத்தில் சுடச்சுடத் தெரிந்தது. அடுத்த மூச்சு வருகிறதா என்று செண்பகவல்லி காத்திருந்தாள். வந்தது. அதற்கடுத்ததற்கும் காத்திருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. வெளியே தட்டு கழுவும் சத்தம் எழுந்து அடங்கியது. அவள் அசையவில்லை.

“செண்பகம், மரகதம் எங்கே?”

“தெரியலையேம்மா” என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

“திங்கட்கிழமையிலிருந்து நீங்களே தூக்குங்க” என்றாள் அம்மை, முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு. “மரகதம் எங்கே இருக்கான்னு மறுபடி தெரிய ஆரம்பிச்சதும், குழந்தையை அவகிட்ட குடுத்துடுங்க.”