வெள்ளம் உருட்டாத நாலு கல்

அநியாயம் இசக்கிக்கு நடந்தது.

கண்காட்சி நாலு மணிக்குத் திறக்க வேண்டும். ஒரு மணிக்கு வந்து பார்த்தால் நடுச்சுவரில் அவள் எடுத்த படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

இறக்கியவர் ஜெபமணி. அவளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். முந்தின நாள் தன் கையாலேயே அந்தப் படத்தை மாட்டியவரும் அவர்தான். இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

“யக்கா, உங்ககிட்டதான் கேக்கேன். படத்துல என்ன குறை?”

“குறை ஒண்ணுமில்ல.”

“வெளிச்சம்?”

“நல்லா இருக்கு.”

“பின்ன என்ன? எங்கம்மை தூத்துக்குடியில பஸ் ஏறியாச்சு. காலேஜ்ல எங்க டிபார்ட்மெண்ட் பூரா வருது. வந்தவங்களுக்கு ஆணியைக் காட்டவா?”

ஜெபமணி மற்ற படங்களின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இறக்கிய படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. தாமிரபரணியின் நடுவே யானை உயரப் பாறை. எந்தக் காலத்துப் பெருவெள்ளமோ மலையிலிருந்து உருட்டி வந்து போட்டது. அதைச் சுற்றி, அதே வெள்ளம் இறைத்துவிட்டுப் போன கூழாங்கற்கள். பாறைக்கு மேலே, சிறகை முழுக்க விரித்து, வாய் திறந்து, கேமராவை நோக்கியே பாயும் ஆள்காட்டிக் குருவி.

“இப்படி ஒரு பறவை யாருக்கு வாய்க்கும்? பதினொண்ணுல இருந்து ஒரு மணி வரைக்கும் என்னைய விட்டுப் போவலியே! கத்துது, தலைக்கு மேல வருது, போகுது, திரும்ப வருது. எனக்குன்னே போஸ் குடுத்துச்சுக்கா.”

துடைத்த கை நின்றது.

“பையை எங்க வெச்ச?”

“எந்தப் பை?”

“கேமரா பை. அன்னைக்கு.”

“முன்னால, கல்லு மேல. நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கீய?”

ஜெபமணி அவள் தோளிலிருந்து பையை வாங்கிக் கவிழ்த்தார். அடியில் காய்ந்துபோன மஞ்சள் கறை.

“ஆத்துச் சகதி. மூணு தடவை தேச்சும் போவல. பேச்சை மாத்தாதீய.”

ஜெபமணி லேப்டாப்பைத் திறந்தார். அன்று எடுத்த அத்தனை படங்களையும் இசக்கிதான் நேற்று அவருக்குக் கொடுத்திருந்தாள். முதல் படத்தின் கீழ் மூலையைப் பெரிதாக்கினார்.

“இது என்ன?”

“கல்லு. வெள்ளம் உருட்டிட்டு வந்த கல்லு.”

“எல்லாமா?”

“எல்லாந்தான். இதுல என்ன சந்தேகம்?”

“நாலை வெள்ளம் உருட்டல.”

இசக்கி சிரிக்கத்தான் போனாள்.

பிறகு பார்த்தாள். மற்ற கற்களெல்லாம் விழுந்தபடி கிடந்தன. நாலு மட்டும், பழுப்பில் கறுப்புப் புள்ளி போட்டவை, கூர்முனைகளை உள்ளே சேர்த்து ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கியதுபோல.

“அடுத்த படம்,” என்றாள்.

அடுத்த படத்தில் அந்த மூலையில் பை.

அதற்கடுத்ததில் பை. அதற்கும் அடுத்ததில் பை. மீதி இருநூற்றுப் பதினொரு படத்திலும் பை. அழகைக் கெடுக்கிறது என்று, சுவருக்கு வந்த படத்தில் மட்டும் அவளே அந்த மூலையை வெட்டியிருந்தாள்.

இசக்கி மஞ்சள் கறையைத் தொடப் போனாள். தொட முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதும் விடவில்லை.

“முட்டைன்னு தெரியாதுக்கா, சத்தியமா கல்லுன்னுதான் நெனைச்சேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பையைத் தூக்கியிருப்பேம்லா? ஒருத்தர்கூடச் சொல்லலியே!”

ஜெபமணி அந்தப் படத்தைத் தூக்கி வந்து அவள் முகத்துக்கு நேரே நிறுத்தினார். பறவையின் வாய் திறந்திருந்தது.

“ஏட்டி, சொல்லிச்சே. ரெண்டு மணி நேரம் சொல்லிச்சே.”