சொல்லருவி போன துக்க வீடு

சொல்லருவி குழந்தைவேலு பேச எழுந்தால் எதிர்க்கட்சிக்காரனும் பீடியை அணைத்துவிட்டு உட்காருவான். அப்படி ஒரு வாய். அந்த வாயை வைத்துத்தான் மனிதர் நாற்பது வருஷம் அரசியல் பண்ணினார். ஜெயித்தார், தோற்றார், மந்திரியாக இருந்தார், ஜெயிலிலும் இருந்தார். கடைசியில் வடக்கே ஒரு மலை மாநிலத்துக்கு ஆளுநராக அனுப்பிவைத்தார்கள். தமிழ் கேட்க ஆளில்லாத ஊர். 'அருவியைக் கொண்டுபோய்ப் பனிக்கட்டியில விட்டுட்டாங்க' என்று இங்கே மேடைக்கு மேடை கிண்டல் பண்ணினார்கள்.

அவரைத் தேடி ஒரு நாள் காலையில் தவமணி வந்து இறங்கினாள். தெற்கே ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மகளிர் அணியில் கொடி பிடித்துக்கொண்டிருந்தவளை மேடையில் ஏற்றி, மைக்கைக் கொடுத்து, பேசக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஆளுநர் மாளிகை என்றும் பாராமல் அவர் காலில் விழுந்தாள். எழுந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா, முகமெல்லாம் இப்படிக் கெடக்கு?"

"பேப்பர்ல பாத்திருப்பீங்களே, ஐயா."

"பாத்தேன். நீ சொல்லு."

சொன்னாள். ஐப்பசி மழையில் ஏரி தளும்பிவிட்டது. கரை உடைந்தால் கடைவீதியே போய்விடும் என்று எல்லோரும் பதறினார்கள். அவள்தான் போனைப் போட்டு மதகைத் திறக்கச் சொன்னாள். திறந்தார்கள். கீழே காலனிக்குச் சொல்லியாச்சா என்று அவளும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. கட்டிக் கிடந்த மாட்டை அவிழ்க்கப் போன ஒரு பையனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. பேச்சியம்மாளுக்கு ஒரே மகன்.

"துக்கம் கேக்கப் போனியா?"

"போனேன். அதான் ஐயா வினையாப் போச்சு."

நாலைந்து வண்டியில் போயிருக்கிறார்கள். மலர் வளையத்தோடு அவள் காரிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்ததும், பின்னால் நின்ற கட்சிக்காரன் ஒருத்தன் பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி, 'மக்கள் தலைவி வாழ்க!' என்று கத்திவிட்டான். கூட வந்தவர்களும் வாழ்க, வாழ்க என்றுவிட்டார்கள். அட பாவிகளா, எழவு வீட்டு வாசலில்! பேச்சியம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதை எவனோ படமெடுத்து ஊர் பூராவும் அனுப்பிவிட்டான்.

"தேர்தல் வருது. வேற தொகுதி தரேங்குது தலைமை. பக்கத்து மாவட்டம், சுளுவா ஜெயிச்சிடலாம். இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள முடிவு சொல்லணும்."

"நல்ல தொகுதிதானே. போயேன்."

"போயிடலாம் ஐயா. ஆனா படுத்தா அந்தக் கதவுதான் கண்ணுக்குள்ள வருது." "அந்தம்மாகிட்டத் திரும்பப் போகணும். போயி என்ன பேசன்னுதான் தெரியல. நீங்க பேசாத துக்க வீடா? நாலு வார்த்தை சொல்லிக்குடுங்க. நான் அப்படியே சொல்லிடுறேன்."

ஆளுநர் சாப்பாட்டு மேஜைப் பக்கம் கையைக் காட்டினார்.

"சாப்ட்டியா?"

"இல்லைங்கய்யா."

"சாப்பிடு. நானும் இன்னைக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போகணும். கூட வா."

அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள், ஆளுநரின் செயலாளர், வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விஷயம் அப்போதுதான் தவமணிக்குப் புரிந்தது. போன வாரம் ஆளுநர் ஒரு விழாவுக்குப் போயிருக்கிறார். அவருடைய வண்டி வரிசைக்காக மலைப்பாதையை மறித்திருக்கிறார்கள். மறித்ததில் ஒரு ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. உள்ளே நெஞ்சுவலியோடு கிடந்த பெண் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஆப்பிள் தோட்டத்தில் வேலை பார்க்கும் பகத்ராம் என்பவரின் மனைவி.

"நீங்க போனா தப்பை ஒத்துக்கிட்டதா ஆகிடும் சார்" என்றார் செயலாளர். "இரங்கல் அறிக்கைதான் குடுத்தாச்சே."

"அந்தாளு அதைப் படிச்சாரா?"

செயலாளர் காரை எடுக்கச் சொல்லப் போனார்.

ஒரே காரில் போனார்கள். சைரன் கிடையாது, முன்னால் பின்னால் வண்டி கிடையாது. பாதுகாப்புக்கு ஒருத்தர், மொழிபெயர்க்கச் செயலாளர், அவ்வளவுதான். அந்த மலைப் பாஷையில் ஆளுநருக்கு வணக்கம் சொல்ல வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது.

கார் போகாத இடத்தில் வீடு. முட்டி வலியோடு மனிதர் ஏறினார். முற்றத்துக்கு வந்ததும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க இங்கேயே நில்லுங்க."

"சார், அவர் பேசுறது உங்களுக்கு..."

"நில்லுங்க."

தவமணியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். திண்ணையில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் பகத்ராம் உட்கார்ந்திருந்தார். வந்தது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. ஆளுநர் கையைக் கூப்பினார். பதிலுக்கு அவர் கூப்பவில்லை.

பிறகு பகத்ராம் பேச ஆரம்பித்தார். முதலில் முணுமுணுப்பு. போகப்போகக் குரல் ஏறியது. கீழே தெரிந்த மலைப்பாதையைக் கையை நீட்டிக் காட்டினார். தன் மார்பில் தானே அறைந்துகொண்டார். பக்கத்தில் இருந்த தகரக் குவளையைத் தூக்கி எறிந்தார். அது ஆளுநரின் காலடியில் வந்து விழுந்தது. பாதுகாப்புக்காரர் பாய்ந்து வந்தார். ஆளுநர் கையைக் காட்டி அவரைத் தடுத்தார்.

தவமணிக்கு நாக்கு பரபரத்தது. 'உங்க வேதனை எனக்குப் புரியுது' என்று இதற்குள் அவளாக இருந்தால் சொல்லியிருப்பாள். எத்தனையோ வீட்டில் சொன்னதுதான். அவள் ஆளுநரைப் பார்த்தாள். எண்பதை நெருங்கும் மனிதர், கூப்பிய கையோடு, பகத்ராமின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். உதடு அசையவில்லை.

கடைசியில் அந்த மனிதர் உடைந்துபோய் அழுதார். அழுகைக்கு நடுவே ஒரு பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னார். சம்பா, சம்பா என்று. அது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. தவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழுது ஓய்ந்து, தோளில் கிடந்த கம்பளியால் பகத்ராம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்.

ஆளுநர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் முற்றத்தைத் தாண்டும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு ஆளுநர் எழுந்தார். பகத்ராமும் எழுந்தார். அவ்வளவுதான்.

காருக்கு வந்ததும் செயலாளர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அவர் என்னென்ன சொன்னார்னு சொல்லட்டுங்களா சார்?"

"சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க. பூசி மெழுகாதீங்க."

செயலாளர் சொன்னார். சில வசவுகளைச் சொல்லும்போது அவருக்கே நாக்கு குழறியது. ஆளுநர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இனிமே என் வண்டிக்காக எந்த ரோட்டையும் மறிக்கக் கூடாது. இன்னைக்கே உத்தரவு போடுங்க" என்றார். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தவமணிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஆம்புலன்ஸ் நிக்கிறது உங்களுக்குத் தெரியாதே ஐயா. அதையாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா?"

"அவரு மனசு கொஞ்சம் ஆறும்."

"அவரு மனசா, என் மனசா?"

ஒரு வளைவு திரும்பியதும் தவமணியின் போன் அடித்தது. கட்சித் தலைமை அலுவலகம். போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாள்.

"அந்தத் தொகுதி வேண்டாம்ணே. ஆமா, வேண்டாம். இல்ல, யோசிச்சுத்தான் சொல்றேன். நிக்கிறதா இருந்தா என் ஊர்லதான். சீட்டு குடுக்கலேன்னா பரவாயில்ல."

மறுமுனையில் யாரோ கத்துவது காருக்குள் கேட்டது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"இன்னொண்ணு. நாளைக்கு நான் பேச்சியம்மா வீட்டுக்குப் போறேன். நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட அந்தத் தெருப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

போனை வைத்தபோது பயமாகத்தான் இருந்தது. பேச்சியம்மாள் கதவைத் திறப்பாளா, திறந்தால் என்ன கேட்பாள், ஒன்றும் தெரியவில்லை.

ஆளுநர் கண்ணைத் திறக்காமலே இருந்தார். தூங்குகிறாரோ என்றுகூடத் தோன்றியது. இருந்தாலும் கேட்டாள்.

"ஐயா, நாப்பது வருஷமா நம்ம ஊர்ல எத்தனை துக்க வீட்டுக்குப் போயிருப்பீங்க. அங்கெல்லாமும் இப்படித்தான் நின்னீங்களா?"

கார் இறங்கிக்கொண்டே இருந்தது.

"இல்லம்மா" என்றார் சொல்லருவி குழந்தைவேலு. "அங்கே எனக்குப் பாஷை தெரியும். ஒருத்தரையும் பேசி முடிக்க விட்டதில்லை."