முயலின் காதுப் பஞ்சு

குளக்கரை மருத மரத்தில் செங்கமலம் என்றொரு மைனா இருந்தது. பகலெல்லாம் காடு முழுக்கப் பறந்து சேதி சேகரிக்கும். விடிந்ததும் உச்சிக் கிளையில் நின்று உரக்கச் சொல்லும். சிறுத்தை எந்தப் பக்கம் திரிகிறது, எங்கே புல் துளிர்த்திருக்கிறது, எல்லாம் அதற்கு அத்துப்படி. இரை தேடத்தான் அதற்கு நேரமில்லை. அதனால் சேதிக்கு நடுவே கரடியின் தேனையும் குரங்கின் பலாச்சுளையையும் புகழ்ந்து, இடுப்பை ஆட்டி ஒரு பாட்டுப் பாடும். அதற்குக் கூலியாக அவர்கள் பழம் தருவார்கள். கேட்பவர்களுக்குச் சேதி இலவசம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு மைனாவுக்கு ஆசை பெருத்தது. முதலையிடமும் விளம்பரம் வாங்கியது. "பல் ஆஸ்பத்திரி திறப்பு விழா! உள்ளே வந்து பாருங்கள், இலவசம்!" நம்பிப் போன கொக்கு பாதி இறகோடு திரும்பி வந்தது.

"சிறுத்தை இப்போது..." என்று மைனா ஆரம்பிக்கும். உடனே நரியின் மீசைத் தைலத்துக்கு ஓர் ஆட்டம் போடும். அது முடிந்த பிறகுதான் "...கிழக்குக் கரையில்" என்று வரும். அதற்குள் சிறுத்தை மேற்குக் கரைக்கே வந்திருக்கும்.

குப்பாயி என்ற முயலுக்கு இது பொறுக்கவில்லை. காது நீளமல்லவா, தொல்லையும் அதற்கு அதிகம். மைனா ஆடத் தொடங்கியதும் காதில் இலவம்பஞ்சை அடைத்துக்கொண்டது. ஆட்டம் நின்றதும் எடுத்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

இதைப் பார்த்து எல்லா விலங்குகளும் பஞ்சுக்குப் பறந்தன. யானைக்கு மட்டும் ஒரு மரத்துப் பஞ்சு முழுவதும் தேவைப்பட்டது.

பாட்டைக் கேட்க ஆளில்லை, தேன் வாங்கவும் ஆளில்லை. கரடி பழம் தருவதை நிறுத்தியது. குரங்கும் நரியும் முதலையும் நழுவிக்கொண்டன. மைனா இளைத்து எலும்பும் தோலுமாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் சேதியே வரவில்லை. பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை, என்ன சுகம் என்று முயல் மேயப் போனது. புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்தது! முயல் விழுந்தடித்துக்கொண்டு வளைக்குள் நுழைந்தது. முக்கால் வால் சிறுத்தையின் வாயோடு போய்விட்டது.

சிறுத்தை போனதும் முயல் நேரே மைனாவிடம் சண்டைக்குப் போனது. "சிறுத்தை வந்ததைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன் அக்கா. கத்தத்தான் வாயைத் திறந்தேன். பசியில வெறும் காத்துதான் வந்துச்சு."

முயலுக்கு நெஞ்சு கனத்துப்போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "பஞ்சை எடுத்துடறேன். மத்தவங்களையும் எடுக்கச் சொல்றேன். ஆனா ஆபத்தைச் சொல்றப்போ நடுவுல தைலம் விக்காதே. அந்த முதலையைக் கிட்டவே சேர்க்காதே."

மைனா வெட்கத்தோடு தலையாட்டியது. மறுநாள் சிறுத்தை சேதி ஒரே மூச்சில் வந்தது. அதன் பிறகே கரடியின் தேனுக்கு ஆட்டம் தொடங்கியது. முயல் வெறுங்காதோடு, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டது.

சேதி சொல்பவர் கேட்பவரின் பொறுமையைச் சோதிக்கக் கூடாது. இலவசமாகக் கேட்பவரும் சொல்பவரின் வயிற்றில் அடிக்கக் கூடாது.