தலைக்குள் ஓடிய கிரைண்டர்

டாக்டர் ஷம்ஷாத்திடம் ரத்தக்குழாய் சிகிச்சை கற்க வந்த வேதமாணிக்கம், அவரைவிட வயதில் மூத்தவர். பெரிய சர்ஜன். குரு "சார்" என்பார், சிஷ்யர் "மேடம்" என்பார். வேடிக்கைதான், ஆனாலும் நன்றாகவே ஓடியது.

ஒருநாள் தங்கத்துரை தன் மனைவி செல்லக்கனியைக் கூட்டிவந்தார்.

"வலது காதுக்குள்ள கிரைண்டர் ஓடுது டாக்டர்," என்றாள் அவள். "நாடி துடிக்கத் துடிக்க சுத்துது. நிக்கவே மாட்டேங்கு."

"ரெண்டு வருசமா இதே பாட்டுதான்," என்றார் தங்கத்துரை. "எல்லாரும் பிரமைங்காங்க. நாளைக்கு மனநல ஆஸ்பத்திரில சேத்திரலாம்னு இருக்கேன். நானும் மனுசன்தானே?"

செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். "இப்பம் எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

வேதமாணிக்கம் அவர்கள் கொண்டுவந்திருந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கு மேடம்."

ஷம்ஷாத் படத்தை வாங்கி ஓரமாக வைத்தார். செல்லக்கனியின் காதுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். வேதமாணிக்கம் ஆவலோடு கையை நீட்டினார். அவரை விட்டுவிட்டு, ஷம்ஷாத் அதைத் தங்கத்துரையின் காதில் மாட்டினார்.

தங்கத்துரையின் முகம் வெளுத்துப்போனது.

"ஏளா, ஓடுதேளா! நெசமாவே ஓடுது!"

அந்த மனிதர் அப்படி அழுவார் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆஞ்சியோகிராமில் வண்டவாளம் வெளியே வந்தது. மூளை உறையில் ஒரு தமனி, நடுவே இருக்கவேண்டிய நுண்குழாய்கள் இல்லாமல், நேராக ஒரு சிரைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாய்ச்சலின் இரைச்சல்தான் அது. விட்டிருந்தால் ஒருநாள் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிரையே வாங்கியிருக்கும். தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, பசை செலுத்தி, குருவும் சிஷ்யரும் அந்த இணைப்பை அடைத்தார்கள்.

மயக்கம் தெளிந்த செல்லக்கனி அங்குமிங்கும் பார்த்தாள். "கிரைண்டர யாரு ஆஃப் பண்ணா?" என்றாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"ஜெயிச்சுட்டோம் மேடம்!" என்றார் வேதமாணிக்கம். அடக்க முடியாமல் கேட்டும்விட்டார். "சிஷ்யன் நான் பக்கத்துலயே நின்னேன். முதல்ல ஏன் அவருக்குக் குடுத்தீங்க?"

ஷம்ஷாத் எழுந்து கதவை அகலத் திறந்தார்.

வராந்தாவில் தங்கத்துரை போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஏலே, அவ சொன்னது அத்தனையும் நெசம்லே! என் காதால கேட்டேன்! எல்லார்ட்டயும் சொல்லு!"

"ரத்தக்குழாயை நாம அடைச்சுட்டோம் சார்," என்றார் ஷம்ஷாத். "இதை அவர்தானே சொல்லணும்?"