சுபம் போடாத சீரியல்

அநியாயம் நடந்தது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியின் முதல் மாடிக்காரிகளுக்கு. செய்தது ஒரு டிவி சேனல். பேரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித்தர வேண்டாம்.

'மஞ்சள் கதவு' சீரியலில் ஒரு வெள்ளிக்கிழமை, அபரஞ்சி விஷம் கலந்த காபி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். கதவிடுக்கில் நின்ற மாமியார் புருவத்தைத் தூக்கினாள். இடி இடித்தது. 'தொடரும்' என்று போட்டார்கள். திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டும் கையுமாக ஓடிவந்து உட்கார்ந்தால், அந்த இடத்தில் யாரோ ஒருவர் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருக்கிறார். மறுநாள் முருங்கைக்காய். சீரியலை நிறுத்திவிட்டார்களாம். யாரும் பார்க்கவில்லையாம். அப்படியானால் பாயைப் போட்டுக்கொண்டு தினமும் உட்கார்ந்திருந்த முதல் மாடி முழுக்க யார், ஆவிகளா?

இந்தக் கேள்வியை எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டவள் செண்பகவல்லி. எம்.ஏ. அரசியல் அறிவியல். பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வைக்க இடமில்லாமல் ஒன்றில் பல் துலக்கும் பிரஷ் போட்டு வைத்திருப்பவள். அவளுக்குத் துக்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். விடுதியில் இருப்பது ஒரே டிவி. எந்தக் காலத்து அக்காமாரோ வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்று உண்டு: ஒரு மாடியின் சீரியல் ஓடும்வரை அந்த அரை மணி நேரம் அந்த மாடிக்குச் சொந்தம், சீரியலுக்குச் 'சுபம்' போட்டுவிட்டால் நேரம் அடுத்த மாடிக்குப் போய்விடும். பரீட்சை, வீட்டுச் சண்டை, வராத மாப்பிள்ளை, வந்துவிட்ட மாப்பிள்ளை என்று எல்லாவற்றையும் மறந்து முதல் மாடிக்காரிகள் ஒன்றாகச் சிரிக்கிற அரை மணி நேரம் அது ஒன்றுதான். அதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

ஒரு வாரம் பொறுத்த இரண்டாம் மாடி, பாட்டுப் போட்டி பார்க்க வேண்டுமென்று இறங்கி வந்தது. முன்னால் நின்றவள் கடையநல்லூர் நஸீமா. கணக்கு எம்.எஸ்ஸி. அதிகம் பேசமாட்டாள்.

"செண்பகம், சீரியல்தான் நின்னு போச்சுல்லா. ரிமோட்டைத் தா."

செண்பகம் ரிமோட்டைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். "நின்னு போச்சுன்னு யார் சொன்னா? சுபம் போட்டாங்களா? போடலை. நான் நேர்ல போய்ப் பார்த்துட்டுல்லா வந்து சொல்லுதேன்."

"எங்க போய்?"

"மெட்ராசுக்கு. சேனலுக்கு."

அவளுடைய அறைத்தோழி ரெஜினா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ஏட்டி, நீ சனிக்கிழமை கோவில்பட்டிக்குக் காதுகுத்துக்குல்லா போன?"

"காதுகுத்துக்குப் போனவ அப்படியே ரயில் ஏறக்கூடாதுன்னு சட்டமா? கறிச்சோறைச் சாப்பிட்டேன், கையைக் கழுவினேன், ஏறினேன். நீ பேசாம இரு."

பாய்கள் நெருங்கி வந்தன. இரண்டாம் மாடிக்காரிகளும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"வாசல்ல காவல்காரர் நிக்காரு. உள்ள விட மாட்டேங்காரு. நான் சண்டை போடலை. ரெண்டே கேள்விதான் கேட்டேன். மனுசன் அப்படியே யோசிச்சாரு. தொப்பியைக் கழட்டி என் தலையில வச்சாரு. 'நீங்க கொஞ்ச நேரம் காவலுக்கு நில்லுங்கம்மா, நான் உள்ள போய் நியாயம் கேட்டுட்டு வாரேன்'னு போயிட்டாரு."

"பிறகு நீ எப்படி உள்ள போன?"

"காவல்காரி நான்தானே. என்னை நானே விட்டுக்கிட்டேன்."

யாரோ தண்ணீர் புரையேறி இருமினாள். செண்பகத்துக்கு இருமலும் கைதட்டல் மாதிரிதான் கேட்கும்.

"மேலதிகாரி ஒருத்தர் படம் வரைஞ்ச தாளைக் காட்டுனாரு. 'பாருங்க, பார்க்கிறவங்க கோடு இறங்கிக்கிட்டே போகுது'ன்னாரு. நான் அந்தக் கோட்டைப் பார்த்து, 'உனக்கு வெக்கமா இல்லையா'ன்னேன். அவ்வளவுதான். கோடு நிமிர்ந்துச்சு. ஏறுச்சு. தாளைத் தாண்டி, மேசையைத் தாண்டி, சுவர்ல ஏறி, மேல சுத்திக்கிட்டிருந்த ஃபேன்ல போய்ச் சுத்திக்கிச்சு."

"ஃபேன்ல சுத்துன கோட்டை எப்படி எடுத்தாங்க?" என்றாள் இரண்டாம் மாடியிலிருந்து ஒருத்தி.

"கத்தரிக்கோல் வச்சு வெட்டித்தான். மிச்சத்தை எனக்கே கொடுத்துட்டாங்க. வரும்போது ரயில் பெட்டியில கொடி கட்டித் துணி காயப் போட்டுட்டு வந்தேன்."

ரெஜினா தட்டை ஓரமாக வைத்தாள். "சரி, அபரஞ்சி என்ன ஆனா? அதைச் சொல்லு."

செண்பகத்தின் குரல் தாழ்ந்தது. ஒரு வாரமாக அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். வக்கீலுக்குப் படித்த பெண்ணை, டம்ளரும் கையுமாக நடுவில் விட்டுவிட்டுப் போவதற்கு எப்படி மனசு வரும்?

"கேளுங்க. ஷூட்டிங்ல 'கட்'டுன்னு சொன்னாத்தானே அசைவாங்க? சேனல்காரன் நிறுத்துன அவசரத்துல டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துட்டாரு. எல்லாரும் நின்னது நின்னபடி. அபரஞ்சி டம்ளரைப் பிடிச்சபடியே நிக்கா. காபி மேல ஆடை படிஞ்சு, அதுக்கு மேல இன்னொரு ஆடை படிஞ்சு, ஒரு பூனை அதுல படுத்துத் தூங்குது. மாமியார்க்காரி தூக்குன புருவத்தை இறக்கலை. அதுல குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சுருக்கு."

"ஒரு வாரத்துலயா?"

"அவசரக் குருவி. இடி இருக்குல்லா, இடி? அது வெளிய போக வழி தெரியாம ஷெட்டுக்குள்ள மோதி மோதித் திரியுது. கேமராவையும் யாரும் நிறுத்தச் சொல்லலை. அது கிட்டக் கிட்ட வந்து, மாமியார் மூக்குத்திக்குள்ளயே போயிட்டு. கேமராமேன் உள்ள இருந்து 'யாராவது டீ அனுப்புங்க'ன்னு கத்துதாரு."

முதல் மாடி, இரண்டாம் மாடி என்ற பேதமில்லாமல் சிரித்தார்கள். நஸீமா மட்டும் சிரிக்கவில்லை. முழங்காலில் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ சுபம் போடலைங்கிற."

"போடலை. அதைத்தானே நான் சொல்லுதேன்? சீன் இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. நடக்கிற சீரியலோட நேரத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது. சட்டப்படி எங்க அரை மணி நேரம் எங்களுக்கு."

அங்கே நிறுத்தியிருக்கலாம். வாதத்தில் ஓட்டையே இல்லை. இரண்டாம் மாடியில் இரண்டு பேர் எழுந்து பாயைச் சுருட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

நஸீமா பெருமூச்சு விட்டாள். "நியாயந்தான். ஆனா பாவம் அந்த அபரஞ்சி. நீ அவ்வளவு தூரம் போயும் அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் பண்ண முடியலையாக்கும். சும்மா பார்த்துட்டு வந்துட்ட."

செண்பகத்துக்குக் காது சூடானது. திட்டினால் தாங்குவாள். 'முடியலையாக்கும்' என்ற சொல்லை அவளால் தாங்கவே முடியாது.

"யாருக்கு முடியலை? எனக்கா?"

"ஏட்டி, விடு, போதும்," என்றாள் ரெஜினா.

"நீ சும்மா இரு. நான் பூனையை எழுப்பி விட்டேன். டம்ளரைப் பிடுங்கி அந்த விஷக் காபியை நானே மடக்குன்னு குடிச்சேன். வயித்துக்குள்ள போயி விஷம் என்கிட்டயே வாதாடுது. ஏப்பம் விடுறதுக்குள்ள தோத்துப் போயி, சீனியா மாறிட்டு. காபியில சீனி கம்மியா இருந்தது, அதுக்குச் சரியாப் போச்சு. பிறகு டைரக்டர் நாற்காலியில நான் உட்கார்ந்தேன். அபரஞ்சிக்குக் கறுப்புக் கோட்டு மாட்டி விட்டு, மாமியாரை அவளே கூண்டுல ஏத்தச் சொன்னேன். மாமியார் புருவத்தை இறக்கி மன்னிப்புக் கேட்டா, குருவிகிட்டயும் சேர்த்து. வெளிநாட்டுல இருந்த புருசன்காரன் விமானம் கிடைக்காம, திரிஞ்சுக்கிட்டிருந்த இடியைப் பிடிச்சு அது மேல ஏறி வந்து இறங்கினான். 'நீ முதல்ல சமையல் பழகு, பிறகு பேசலாம்'னு அபரஞ்சி சொன்னா. அழாத ஆள் இல்லை."

"முடிவு நல்லாத்தான் இருக்கு," என்றாள் நஸீமா. "டைரக்டர் ஒத்துக்கிட்டாரா?"

"காலைப் பிடிக்காத குறை. 'அம்மா, எல்லாம் முடிச்சுட்டீங்க, கடைசி எழுத்தையும் உங்க கையாலயே போட்டுருங்க'ன்னு பிரஷ்ஷைக் கொடுத்தாரு. போட்டேன் பாரு ஒரு சுபம். எம்புட்டுப் பெரிசுங்கிற? 'சு' மெட்ராஸ்ல. 'ப' எழுதி முடிக்க விழுப்புரம் வந்துட்டு. 'ம்'முக்குப் புள்ளி வைக்க நான் மதுரையில ரயிலை விட்டு இறங்க வேண்டியதாப் போச்சு."

ஹால் அதிர்ந்தது. செண்பகம் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ரெஜினா மட்டும் நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அது ஏன் என்று செண்பகத்துக்கு விளங்குவதற்குள் நஸீமா எழுந்து வந்து எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"புள்ளியும் வச்சாச்சுல்லா. ரிமோட்டைத் தா."