எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் ஓர் ஆணை

நண்டுகள் நேராக நடந்துகொண்டிருந்த காலத்தில், கருவேல நாட்டில் ஒரு ராஜா இருந்தார். நம்பிக்கை இல்லாவிட்டால் நண்டையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ராஜா ஒரு வழக்கம் வைத்தார். கடன் வாங்கியவன் இழுத்தடித்தால், அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போடலாம். பதில் சொல்லாமல் பொழுது சாயும்முன் அவன் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கசையடி.

ராஜா செத்தார். அவர் பேரனும் செத்தார். வட்டம் மட்டும் சாகவில்லை.

அந்த நாட்டில் கூத்தன் என்றொரு பரிசல்காரன். வெள்ளத்தில் பழைய பரிசல் போய்விட, புதுப் பரிசலுக்குத் தோல் வாங்க அக்கரை மாணிக்கத்தாரிடம் கடன் பட்டான். அடுத்த வருஷம் ஆறு வற்றிவிட்டது. எறும்புகூடக் கால் நனையாமல் அக்கரை போயிற்று என்றால் பாருங்கள். தவணை தவறியது. மறுபடி தண்ணீர் வந்து நாலு காசு பார்க்கலாம் என்ற நேரத்தில், மாணிக்கத்தார் வசூலுக்குக் கண்டன் என்பவனை அனுப்பினார். கண்டன் தொண்டையைத் திறந்தால் நாலு ஊர் நாய்கள் வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

முதல் வட்டத்தைப் பரிசல் துறையில் போட்டான். ஏற வந்தவர்கள் பார்க்க, பெற்றவளையும் கட்டியவளையும் இழுத்துத் திட்டினான். கூத்தன் பொழுது சாயும்வரை நின்றான்.

இரண்டாவது வட்டத்தைக் கூத்தனுடைய தங்கச்சி வளைகாப்பில் போட்டான். பந்தியில் உட்கார்ந்தவனை இலையோடு சேர்த்து வளைத்தான். தங்கச்சியின் மாமியார் எழுந்து போய்விட்டாள். சோறு ஆறிக் காய்ந்தது.

மூன்றாவது வட்டத்தைச் சந்தையில், கல்லாத்தா பக்கத்தில் போட்டான்.

கல்லாத்தா என்பது ஆளுயரக் கல். எந்தக் காலத்திலோ ஒருத்தர் அதன்மேல் எண்ணெய் விட்டார். அடுத்தவர் மஞ்சள் பூசினார். அதற்கடுத்தவர் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். அப்படியே மூன்று தலைமுறையாகப் பூசிப் பூசி ஆத்தா ஒரு சாண் பருத்துவிட்டாள்.

"பொழுது சாயறதுக்குள்ள பரிசலை என் பேருக்கு விட்டுடு. இல்லைன்னா நாளைக்கு உன் பொண்டாட்டியைச் சுத்தி வட்டம் போடுவேன்" என்று சொல்லிவிட்டு, கண்டன் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தான்.

கூத்தனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. பரிசல் போனால் பிழைப்பும் போகும், கடனும் அடையாது என்பது மட்டும் தெரிந்தது. கால் கடுத்து ஆத்தாமேல் சாய்ந்தான். உச்சி வெயிலில் பிசுக்கு இளகி முதுகில் ஒட்டிக்கொண்டது. அவன் நிமிர்ந்தபோது பாளமாக உரிந்து வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், அடியில் எழுத்து.

பரிசல் கூலி கொடுக்க வழியில்லாத வாத்தியார் ஒருவர், தடவைக்கு ஓர் எழுத்து என்று கூத்தனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். வாசித்தான். இன்னொரு முறை வாசித்தான். மூன்றாம் முறையும் வாசித்துவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டான்.

"ஐயா, கல்லுல ஏதோ ராசா ஆணை இருக்கு. நான் படிச்சா யாரு காதுல விழும்? உங்க தொண்டையில படிச்சா ராசாவே பேசுற மாதிரி இருக்கும்."

கண்டனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. சந்தையே திரும்பிப் பார்க்கப் படித்தான்.

"கடன் கொடுத்தவன் தன் கையால் வட்டம் போடுக. கூலியாள் போடலாகாது." குரல் கணீரென்று இருந்தது.

"விருந்து வீட்டிலும் இழவு வீட்டிலும் போடலாகாது. கடன் வாங்காதவரைச் சுற்றிப் போடலாகாது." குரல் இறங்கியது.

"மீறிப் போட்டவன்..." அதற்குமேல் தொண்டை கட்டிவிட்டது.

பக்கத்தில் நெல் அளந்துகொண்டிருந்த பெரியநாச்சி மரக்காலைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா நிறுத்திட்டே? திட்டுறப்ப உனக்கு இப்படி மூச்சு வாங்காதே" என்றாள்.

கண்டன் முணுமுணுத்தான். "மீறிப் போட்டவன், கடன் கொடுத்தவன் வந்து தவணை பேசித் தீர்க்கும்வரை, அவ்வட்டத்துள் தானே நிற்க."

கூத்தன் வெளியே வந்தான். கண்டன் உள்ளே போனான்.

மாணிக்கத்தாரைக் கூட்டிவர அக்கரை போக வேண்டும். கூத்தன் அவசரப்படவில்லை. மரத்தடியில் துண்டை விரித்து, பல மாதத் தூக்கத்தைத் தூங்கி எழுந்துதான் போனான். நான் அப்படித் திட்டச் சொல்லவே இல்லையே என்று மாணிக்கத்தார் வழிநெடுகப் புலம்பினார். கல்லுக்கு எதிரில் ஆறு தவணைக்கு ஒப்புக்கொண்டார். ஆறையும் கூத்தன் தவறாமல் கட்டினான். அன்றைய பரிசல் கூலியை மட்டும், வந்ததற்கு ஒன்று, போனதற்கு ஒன்று, கண்டனுக்கு ஒன்று எனக் கறாராக வாங்கிக்கொண்டான்.

ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று அடுத்த வெள்ளிக்கிழமையே ஜனங்கள் கல்லுக்கு மறுபடி எண்ணெய் ஊற்றிவிட்டார்கள். கூத்தன் பெருமூச்சு விட்டபடி தேங்காய் ஓட்டோடு போய்ச் சுரண்டினான். அதற்கடுத்த வெள்ளியும் சுரண்டினான். சாகும்வரை வெள்ளிக்கு வெள்ளி அவனுக்கு அதே வேலை.

ஆகையால் கேட்டவர்களே, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் மானத்தையும் சேர்த்துக் கேட்க எவனுக்கும் உரிமை இல்லை என்று எழுதியிருப்பதை நீங்களே தேடிப் படித்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.