சல்லடையில் விழுந்த மிளகு

"போறதா, இருக்கிறதா? ஒரே சொல்லில் சொல்லுங்க சாமி," என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள் நாச்சியம்மை.

குறுமலை நாட்டின் தலைவி அவள். மறுநாள் காலையில் சபை கூடுகிறது. ஏழு நாட்டுக் கூட்டில் நீடிப்பதா, விலகுவதா என்று ஜனங்கள் கை தூக்க வேண்டும்.

குரு மாசிலாமணி அவளைவிடப் பத்து வயசு சின்னவர். ஆனாலும் அவர் எதிரில் அவள் குரல் தானாக இறங்கிவிடும். அன்றைக்கு இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? கூட்டு முழுக்க மிளகைத் தரம் பிரிக்க ஒரே சல்லடை. கடற்கரை நாட்டின் பெரிய மிளகுக்கென்று செய்தது. குறுமலை மிளகு பொடிசு, ஆனால் காரம் மண்டையைப் பிளக்கும். அத்தனையும் சல்லடையில் விழுந்து கழிவாய்ப் போனது. பத்து வருஷமாக இதே அநியாயம்.

விலகிவிட்டால் நம் மிளகை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள்.

குரு உப்பைப் பற்றி மட்டும் கேட்டார்.

மலையில் உப்பு ஏது? கூட்டில் இருப்பதால் கடற்கரை உப்பு சுங்கமில்லாமல் ஏறி வருகிறது. விலகினால் ஏழை வீட்டுக்கு அது எட்டாது. இதை அவள் ஜனங்களிடம் மூச்சுவிடவில்லை.

குரு உள்ளே போய் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு கல் உப்பு இல்லை.

முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"என்னால முடியும் சாமி."

"உங்களால முடியும் அம்மா. நாளைக்குச் சபையில என்ன விருந்து?"

கை தூக்குமுன் தலைவி விருந்து வைப்பது குறுமலை வழக்கம். நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலுக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போனாள்.

மறுநாள் சபையில் அவளே அகப்பையைப் பிடித்து, உப்பில்லாத கஞ்சியை ஊற்றினாள்.

"விலகினா கொஞ்ச காலம் இதுதான். எத்தனை காலம்னு எனக்குத் தெரியாது. குடிச்சிட்டுக் கை தூக்குங்க."

சிலர் துப்பினார்கள். சிலர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று நாச்சியம்மை நினைத்தாள்.

மிளகுத் தோட்டக்காரி வெள்ளத்தாய் மட்டும் மடியை அவிழ்த்தாள். உள்ளே, சல்லடையில் விழுந்ததென்று கழித்துப்போட்ட மிளகு. ஒரு பிடி எடுத்துக் கல்லில் நசுக்கி, கஞ்சியில் போட்டு மடமடவென்று குடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னொரு அகப்பை ஊத்துங்க தாயி."